நெற்றி இல்லாத மீன்

எங்களுக்கு மீன் என்றால் குழம்புதான். கண்ணாடித் தொட்டியில் விட்டுத் தீனி போட்டு உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் பொழுது போகாதவர்கள் வேலை என்று நினைத்திருந்தேன். என் மகன் ஒரு நாள் காரில் தொட்டியும் மீனுமாக வந்து இறங்கியபோது, வாசலிலேயே நிறுத்தித் திட்டினேன். அவனோடு ரவாங் ஃபேக்டரியில் வேலை செய்தவர் வீடு மாறிப் போகிறாராம். எடுத்துப்போக இடமில்லை, நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டாராம்.

"அப்பா சும்மா சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரும்மா. இதையாவது பாக்கட்டுமே" என்றான்.

தொட்டியை உள்ளே எடுத்துவரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். உயரமான மரங்களில் நீளக் கழியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, மாட்டி இழுக்க வேண்டும். பெரிய குலையானாலும் அவர் இழுத்தால் ஒரே இழுப்பில் கீழே வந்து விழும். அந்த வலது கையில்தான் வாதம் அடித்தது. காலும் இழுத்துக்கொண்டது. பேச்சில் மிஞ்சியவை ஒரு சில சொற்கள்தான். 'ம்' என்பார், 'வேணாம்' என்பார், யாராவது வந்தால் 'யாரு' என்பார். ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் மலாய்க்காரப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அவர் அந்தப் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை அசைக்காமல் விட்டால் மடங்கி இறுகிப்போகும், பிறகு விரிக்கவே முடியாது என்று அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

மகன் கொண்டுவந்த மீனை லோகான் என்கிறார்கள். ஒரு சாண் நீளம். உடம்பு முழுக்கச் சிவப்பு, விலாவில் எழுத்துப்போலக் கறுப்புப் புள்ளிகள். தலைக்கு மேலே எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்ட வைத்ததுபோல ஒரு புடைப்பு. அதைத்தான் நெற்றி என்கிறார்கள். நெற்றி எவ்வளவு பெரிதோ அவ்வளவு உயர்ந்த மீனாம். ஆள் முகம் தெரிந்த மீன் அது. நான் போனால் தீனிக்காகத் துள்ளும். மகன் போனால் முறைக்கும். கண்ணாடியில் விரலை வைத்தால், விரல் போகும் பக்கமெல்லாம் அதுவும் போகும்.

தொட்டியை ஹாலில், அவர் நாற்காலிக்கு நேராக, கைக்கு எட்டும்படி வைத்தோம். முதல் சில நாள் அவர் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒரு காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு வருகிறேன், அவருடைய வலது கை தொடையை விட்டு எழும்பி நிற்கிறது. வாதம் அடித்த கைதான். ஆனால் எழும்பி நிற்கிறது. சுட்டுவிரல் கண்ணாடியின் அடி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மீன் அந்த விரலுக்கு நேரே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். கஞ்சி ஆறிப்போனது.

அன்றிலிருந்து தினமும் நடந்தது. அவர் விரலை நகர்த்துவார், அது பின்னால் போகும். வரவர விரல் மேலே ஏறியது. அடி விளிம்பிலிருந்து கூழாங்கல் மட்டத்துக்கு, அங்கிருந்து பாதித் தொட்டிக்கு. கைப்பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். என் பயிற்சியைவிட உங்கள் மீன் கெட்டிக்காரன், விட்டுவிடாதீர்கள் மாக்சிக் என்றாள், மலாயில் அத்தையைக் கூப்பிடுவதுபோல.

செரண்டாவிலிருந்து என் நாத்தனார் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கோயிலுக்குப் போய்விட்டு, பிரசாதப் பொட்டலத்தோடு வந்திருந்தாள். அண்ணன் கை தூக்குவதைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"அண்ணே, எங்கண்ணே! கை வந்துருச்சே! அண்ணி, கண்ணு பட்டுரும், யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நீதான் இப்ப தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்ற" என்று நான் அடுப்படிக்குப் போனேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வடித்துவிட்டுத் திரும்பி வந்தால், தொட்டித் தண்ணீர் சிவந்து கிடக்கிறது. அவள் கைகூப்பி நிற்கிறாள்.

"என்னம்மா செஞ்ச?"

"சாமி குங்குமந்தானே அண்ணி. அண்ணனுக்கு வச்சேன். அதுக்கும் கொஞ்சம் போட்டேன், துன்னூறும் போட்டேன். அதுதானே அண்ணன் கைய தூக்க வச்சுச்சு."

"மீனுக்குப் பொட்டு வைக்கறதுக்கு நெத்தி எங்கடி இருக்கு?"

"இருக்கே அண்ணி! இவ்ளோ பெரிய நெத்தி."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் போட்டேன் என்றாளே, பொட்டலமே காலி. தண்ணீர்த் தடைக்குப் பயந்து வாளிகளில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை எடுத்து, நானும் அவளும் மொண்டு மொண்டு மாற்றினோம். இப்போது கடைகளில் விற்கும் குங்குமத்தில் என்ன சாயம் கலக்கிறார்களோ, மாற்ற மாற்றச் சிவந்தது. மீன் முதலில் மேலே வந்து காற்றை விழுங்கியது. பிறகு தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்த்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. அதன் செவுள் திறந்து மூடுவது மட்டும் வெகு நேரம் நடந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் நாற்காலியைத் திருப்பி வைக்கத் தோன்றவில்லை. அவர் முழுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மகன் வந்தான்.

"சின்னதா ஒண்ணு வாங்கி வளக்கலாம்மா. கடையில நெறைய இருக்கு."

"அது வளர்றதுக்குள்ள உங்கப்பா கை என்னடா ஆகும்? எனக்கு அதே அளவுல, அதே மாதிரி வேணும். வண்டிய எடு."

ரவாங்கில் ஒரு வளர்ப்பு மீன் கடைக்குக் கூட்டிப்போனான். உள்ளே நுழைந்ததும் பாசி நாற்றமும் மோட்டார் சத்தமும். கூரை வரைக்கும் தொட்டிகள். வாசலில் ஒரு கம்பி முழுக்க, பைக்கொரு மீனாகத் தண்ணீர்ப் பைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். லோகான் தொட்டிகளுக்கு மேலே பெரிய படம், அதில் நெற்றி புடைத்த ராசா மாதிரி ஒரு மீன். படத்துக்குக் கீழே இருந்தவையோ என் கட்டைவிரல் அளவுகூட இல்லை.

நான் தோட்டத்து நர்சரியில் பல வருடம் செம்பனைக் கன்று பார்த்தவள். இலை முறுக்கினது, குறுகினது, வெளுத்தது எல்லாவற்றையும் பையோடு எடுத்துத் தனியே குவித்துவிடுவோம். நடுவதற்குப் போகாது, கொளுத்திவிடுவார்கள். அந்தக் கண்ணோடுதான் தொட்டிகளைப் பார்த்தேன். ஒன்றுக்கு முதுகு வளைந்திருந்தது. ஒன்றுக்குச் செவுள் மூடவில்லை. ஒன்றின் வாலை மற்றவை தின்றிருந்தன. இங்கே எதையும் கழிக்கவில்லை. எல்லாம் விற்பனைக்கு.

கடையில் வேலை செய்த பெண் நம் தமிழ்ப் பெண்தான். கையில் வலையோடு வந்தாள்.

"என்ன ஆண்டி வேணும்?"

"ஒரு சாண் இருக்கணும். நெத்தி இருக்கணும்."

"அவ்ளோ பெருசு எங்ககிட்ட வராது ஆண்டி. அது பெருசாகுற வரைக்கும் யாரு தீனி போடுறது? சின்னதுலயே வித்துருவோம்."

"இதுங்களுக்கு நெத்தி வருமா?"

"வந்தா வரும். வாங்குறவங்க லக்குலா."

"அப்ப மேல எதுக்கு அந்தப் படம்?"

"படம் நல்லாருக்குல்ல, அதான்."

சிவப்பாக இருந்த ஒன்றை நான் காட்டினேன். அந்தச் சிவப்பு தீனியில் கலக்கும் மருந்தால் வந்தது, வீட்டுக்குப் போனதும் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும் என்றாள். என் மகன், "என்னக்கா, விக்கிற நீங்களே இப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டான்.

"வித்தாலும் விக்காட்டியும் எனக்கு அதே சம்பளந்தான் தம்பி."

பிறகு என்ன நினைத்தாளோ, எங்களைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். சாக்கடை ஓரம் ஒரு சின்னத் தொட்டி. அதற்குள் ஒரு பெரிய லோகான், திரும்ப இடமில்லாமல் தலை கவிழ்ந்து நின்றது. யாரோ வாங்கிப் போய், நெற்றி வரவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டார்களாம். தலை தட்டையாக இருந்தது. மேலுதடு ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. சிவப்பு மட்டும் கொஞ்சம் மிச்சம்.

"இதை யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

நர்சரியாக இருந்தால் நானே எடுத்துக் குவியலில் போட்டிருப்பேன். ஆனால் அந்தக் கடை முழுக்கச் சாண் அளவில் இருந்தது அது ஒன்றுதான். அளவும் நிறமும் பொருந்தினால் அவருக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டேன். விலை சொன்னாள். நான் பேரம் பேசுகிறவள் இல்லை.

வீட்டுக்கு வந்து, மகன் முறைப்படி பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுப் பிறகு திறந்துவிட்டான். அவரை நாற்காலியோடு கொண்டுவந்து வைத்தோம். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

"நம்ம மீனுதாங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மகன் அவர் கையைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தான். சாக்கடை ஓரம் கிடந்த மீன் அது, மனுசர் கை பக்கத்தில் வந்தாலே பயம். எதிர்ச்சுவரில் போய் மடார் என்று மோதி, மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்தது.

"வேணாம்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கை எழும்பவில்லை. நான் பந்தைக் கொடுத்துப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன், எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. முழங்கை மடங்கி மார்போடு ஒட்டியது. விரல்கள் உள்ளே சுருண்டன. ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சிப் பெண் அதை விரிக்க முயன்றபோது அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இனி வீட்டில் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

மீன் மட்டும் நன்றாகத் தின்கிறது. கோணல் வாயில் தீனி பாதி சிந்தும், நான் பொடித்துப் போடுகிறேன். சிவப்பெல்லாம் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. தலை தட்டையாகவே இருக்கிறது.

நாத்தனார் அதன் பிறகு வீட்டுப்பக்கம் வரவில்லை. போன் மட்டும் செய்தாள்.

"அண்ணி, எம்மேல கோவமா?"

"கோவமா இல்லையான்னு போன்ல கேக்காத. வந்து உங்கண்ணன் கையப் பாரு. நகம் வெட்டணும், எனக்கு ஒத்தையா முடியல."

வந்தாள். தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. அவர், "யாரு?" என்றார். "நாந்தாண்ணே" என்று காலடியில் உட்கார்ந்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஈரத்துணியை உள்ளே நுழைத்து, ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி நகம் வெட்டினாள். நகம் பதிந்து உள்ளங்கை புண்ணாகி, நாற்றம் அடித்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். கடைசியில் கட்டைவிரல் ஒன்று பாக்கி. அது மற்ற விரல்களுக்கு அடியில் போய் மடங்கிக் கிடந்தது. அவள் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். நான் இழுத்துப் பார்த்தேன்.

"வேணாம்" என்றார் அவர்.

நகவெட்டியை மடக்கி வைத்துவிட்டு, இரண்டு பேரும் எழுந்தோம்.