ஃபோல்டர்களை ஒன்று சேர்த்த அக்கா

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இருபது கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை முடிவும் அவற்றின் வழியாகத்தான் டாக்டருக்குப் போகும். அவற்றைப் பார்த்துக்கொள்பவள் என் அக்கா. நான் அங்கே ரத்தம் எடுப்பவள். வேலை இல்லாத நேரத்தில் வாயில் ஈ போவது தெரியாமல் அவளை வேடிக்கை பார்ப்பவளும் நான்தான்.

வீட்டில் நான் ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்தாலே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கம்ப்யூட்டர்களை இயக்கும் லினக்ஸ் தீராத தலைவலி. கட்டளைகள் 'பின்', 'எஸ்பின்' என்ற பெயர்களில் நாலு ஃபோல்டரில் சிதறிக் கிடந்தன. அவற்றுக்குத் துணையான கோப்புகள் லிப் என்ற பெயரில் இரண்டு இடத்தில்.

"டிஸ்க் சின்னதா இருந்த காலத்துல பிரிச்சு வெச்சாங்க. இப்ப எதுக்குடி இந்த அலங்கோலம்?"

எல்லாவற்றையும் யூஎஸ்ஆர் என்ற ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுபோய், பழைய இடத்தில் அங்கே வழிகாட்டும் இணைப்பு மட்டும் வைப்பது அவள் திட்டம். அதைக் கேட்டதும் மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"நல்லா ஓடுறதுல எதுக்கும்மா கை வைக்கறீங்க? சரி, ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல செஞ்சு காட்டுங்க. சொதப்பினா மொத்தத்தையும் வெளிக் கம்பெனிகிட்ட குடுத்துடுவேன்."

ஞாயிறு மதியம் நானும் கூட இருந்தேன். 'பின்' ஃபோல்டர் நல்லபடியாக இடம் மாறியது. அடுத்து லிப்பை நகர்த்திவிட்டு இணைப்பு வைக்கக் கட்டளை அடித்தாள். ஓடவில்லை. எந்தக் கட்டளையும் ஓடவில்லை. லிப்பில் இருக்கும் ஒரு கோப்பு இல்லாமல் ஒரு கட்டளையும் அசையாது. எல்லாக் கட்டளைகளும் அதைப் பழைய விலாசத்திலேயே தேடின. இணைப்பு வைக்கும் கட்டளையும்தான்.

"போச்சாக்கா?"

"வாய மூடு."

இரண்டு நிமிஷம் திரையையே முறைத்தாள். பிறகு அந்தக் கோப்பின் புது விலாசத்தை முழுசாகத் தானே அடித்து, அதன் மூலமாகவே இணைப்புக் கட்டளையை ஓட்டினாள். ஓடியது! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

திங்கட்கிழமை முடிவுகள் எல்லாம் நேரத்துக்குப் போயின. அக்கா மேனேஜரிடம் அறிக்கை கொடுத்தாள். முதல் வரியே, லிப்பை நகர்த்தியதில் தான் செய்த தப்பு. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "இத எழுதாம விட்டிருந்தா யாருக்கும்மா தெரியப்போகுது?"

"மீதி பத்தொன்பதுல மறுபடியும் நடக்கக் கூடாதில்ல சார்."

இந்த வேலைக்கு விலை சொல்லி வெளிக் கம்பெனி அனுப்பியிருந்த கடிதம் அவர் மேஜைமேல் இருந்தது; அதை எடுத்துக் கிழித்தார். "மீதியையும் நீங்களே பண்ணுங்கம்மா."

அக்கா தலையாட்டிவிட்டு அடுத்த கம்ப்யூட்டரைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று ரத்தம் கொடுக்க வந்தவர்களிடம் எல்லாம், அவர்கள் கேட்காமலேயே, அவள் என் அக்கா என்று சொன்னேன்.