பிளாஸ்டிக் கையில் இருந்தது, என் கையில் இல்லை

ஹால் நிறைய ஜனம். என் கையில் மைக். அதில் "என் கையில ஒரு நரம்பைக் காணோம்" என்று பதறிய ஆள், வேலூர் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முட்டாள்தனத்தில் எனக்கு எப்போதுமே முதல் ரேங்க்.

போன சனிக்கிழமை நடந்தது.

என் மகள் ஜெசி, வேலூரில் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். முதல் வருஷம் அனாட்டமி... அதாவது, தானமாக வந்த இறந்தவர் உடம்பை அறுத்துப் படிக்கிற பாடம். அவள் வீட்டுக்கு வந்தால் கூடவே, உடம்பு கெடாமலிருக்க ஊற்றுகிற ஃபார்மலின் வாசனையும் வரும். எனக்குக் குமட்டும்.

"ஆம்பூர் டேனரியிலர்ந்து வர்ற நீங்க நாத்தத்தைப் பத்திப் பேசறீங்களாப்பா?" என்பாள். நியாயமான கேள்வி. அங்கே தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பதுதான், இந்தப் பத்தி எழுதாத நேரத்தில் என் பிழைப்பு.

இப்போது அந்தக் கல்லூரியில் பிளாஸ்டிக் உடம்பும் கம்ப்யூட்டரும் வந்து இறங்கியிருக்கின்றன. இனி அது மட்டும் போதுமா, நிஜ உடம்பும் வேண்டுமா? இதைப் பேசப் பெற்றோரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார் பிரின்சிபால் அம்மா. நான் விடுவேனா? பிளாஸ்டிக்கே போதும் என்று பதினோரு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

"நாங்க படிச்சிட்டோம். ஜூனியர்ஸுக்கு பாடியே இல்லாம போய்டும்பா, உங்களால" என்றாள் ஜெசி. அதன்பிறகு மூன்று நாள் பேச்சில்லை.

கூட்டத்தில் மேடையேறினேன். பிளாஸ்டிக் கையைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க, நாத்தமில்ல, பயமில்ல. எல்லாம் அதது எடத்துல பளிச்சுனு இருக்குது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. "சந்தேகம்னா உங்க கையிலயே பாருங்க. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்குங்க. நடுவுல ஒரு நரம்பு எழும்பும்." முந்தின நாள் சிடி பார்த்துக் கற்ற வித்தை.

எல்லோரும் மடக்கினார்கள். பள்ளிகொண்டாவிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர், "எனக்கு வருது சார்" என்றார். பின்வரிசையிலும் வந்தது. எனக்கு? வரவில்லை. இடது கை? அதுவும் மொழுமொழு.

முப்பது வருஷம் சுண்ணாம்பும் கெமிக்கலும் புழங்கிய கை. அரித்துத் தின்றுவிட்டதோ? அப்போதுதான் மைக்கில் அந்தப் பதற்றம்.

மாணவர் வரிசையிலிருந்து ஜெசி எழுந்து வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"ஒண்ணும் ஆகலப்பா. அது நரம்பு இல்ல, தசைநார். சில பேருக்குப் பிறவியிலயே இருக்காது. கையோட பலம் கம்மியாகாது."

பிறகு மைக்கை வாங்கிக்கொண்டாள். "எங்க டேபிள்ல இருந்த பெரியவருக்கு வலது கையில இருந்துச்சு, இடது கையில இல்ல. நாங்கதான் அறுத்துத் தொலைச்சுட்டமோனு ஒரு நாள் பூரா தேடினோம். ஆளுக்கு ஆள் உடம்பு மாறும்னு அவருதான் சொல்லிக் குடுத்தாரு. பொம்மையும் இருக்கட்டும், வழி தெரிஞ்சுக்க. ஆனா நாளைக்கு எங்ககிட்ட வரப்போறது பொம்மை இல்ல. எங்க அப்பா மாதிரி ஆளுங்க."

ஹால் சிரித்தது. என்னைப் பார்த்துத்தான். எனக்கோ சட்டைப் பித்தான் தெறிக்கிற அளவுக்கு நெஞ்சு விரிந்தது.

ஒரு தோல் மாதிரி இன்னொரு தோல் இருக்காது என்று டேனரியில் தினமும் கத்துகிறவன், மனுஷ உடம்பு மட்டும் அச்சில் வார்த்தது என்று எப்படி நம்பினேன்? நம் தொழிலில்தான் நாம் புத்திசாலி — அடுத்தவர் தொழில் என்றால் உடனே குறுக்கு வழி சொல்லிவிடுகிறோம்.

கையெழுத்துத் தாளை நானே கிழித்தேன். நிஜ உடம்பும் பொம்மையும் இரண்டுமே இருக்கட்டும் என்று முடிவானது.

ஆம்பூர் பஸ்ஸில் கண்டக்டர் வரைக்கும் "என் பொண்ணு" புராணம்தான். கடைசியில் உணர்ச்சி பொங்கி, "ஜெசி, நான் போனப்புறம் என் உடம்பையும் உங்க காலேஜுக்கே குடுத்துடறேம்மா" என்றேன்.

ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "தொப்பையைக் குறைச்சுட்டுக் குடுங்கப்பா, ஜூனியர்ஸ் பாவம்."