வழியனுப்பிய பிறகும் இருந்தவர்

எல்கடுவ தேயிலை மலையில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் என்ன மழை அடித்தாலும் ஓரம் சரியாத கான் என்றால் அது மாடசாமி வெட்டியதுதான். இதை அறியப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை, அடை மழையில் ஒரு தடவை மலை ஏறிப் பார்த்தால் போதும். தன் கை எப்பேர்ப்பட்ட கை என்று மாடசாமிக்கும் தெரியும். தெரிந்ததோடு நிற்காமல், வரிசை வீடுகளாக நீண்டு கிடந்த லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிவார். அந்த வாய்தான் பிறகு அவரைத் தனியாளாக்கியது.

எண்பத்துநாலாம் வருஷம், இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியா போக அவருடைய முறை வந்தது. மனைவி செத்துப்போயிருந்தாள். ஒரே மகள் சுந்தரம்மா புருஷனோடு முந்தின வருஷமே கப்பல் ஏறிவிட்டாள். தோட்டத்துப் பேரேட்டில் இவருடைய பேரை வெட்டினார்கள், கையில் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. லயத்து ஆட்கள் கோயில் முன்னால் மாலை போட்டு, கோழி அடித்துச் சோறாக்கி, கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுத சனத்திடம் இரண்டு நல்ல வார்த்தை பேசியிருக்கலாம். அவரோ, அட்டைக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டு நீங்கள் இங்கேயே கிடங்கள், நான் போய்க் காணி வாங்கி மாடு கட்டுகிறேன் என்றார். அம்மியையும் கோழிக்கூட்டையும் வாழைப் பாத்தியையும் பக்கத்துக் காம்பிராப் பொன்னையாவிடம், பிச்சை போடுகிற மாதிரி விட்டுவிட்டுப் போனார்.

தலைமன்னாரில் கப்பல் இல்லை. நாடு கெட்டுக் கிடக்கிறது, இனி எப்போது ஓடும் என்று சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். மாலை வாடிய கையோடு மாடசாமி தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மலையேறி வந்து நின்றபோது, அவருடைய காம்பிராவில் வேறொரு குடும்பம் அடுப்பு மூட்டியிருந்தது.

யாரும் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவரும் கொடுத்ததில் ஒரு கோழிக்குஞ்சைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொன்னையா அம்மியோடு தன் வீட்டுத் தின்பண்டத்தையும் சேர்த்துக் கொடுத்திருப்பான். ஆனால் கேட்பதற்கு ஒரு வாய் வேண்டுமே, அந்த வாயைத்தான் முன்னமே செலவழித்துவிட்டாரே. வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக்காம்பிராவுக்குப் பின்னால் இடிந்து கிடந்த கொட்டிலைத் தானே செப்பனிட்டு அதில் இருந்துகொண்டார். தோட்டத்தில் பேர் இல்லாததால் மலைக்குக் கீழே கிராமத்துச் சிங்களவர்களின் மிளகுத் தோட்டங்களில் கான் வெட்டிப் பிழைத்தார்.

"என்ன கப்பல்காரரே, இன்னும் பொறப்படலையா?" என்று இளந்தாரிகள் கேட்பார்கள்.

"அடுத்த மாசம்டா. நீ வந்து பெட்டி தூக்கு" என்பார்.

இப்படியே கிட்டத்தட்ட இருபது வருஷம் போனது. எப்போதும் போகப்போகிறவராக இருந்ததால் எதிலும் அவரைச் சேர்க்கவில்லை. கோயில் கமிட்டிக்காரர்கள் திருவிழா வரிக்கு அவர் கொட்டில் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். மரண உதவிச் சங்கத்தில் அவர் பேர் இல்லை. சாவு சொல்ல வருகிறவன்கூட அவருடைய வாசலைத் தாண்டித்தான் அடுத்த லயத்துக்குப் போவான். தப்பு அடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் யாரோ செத்துவிட்டார் என்று தெரிந்துகொள்வார். மகளிடமிருந்து ஆரம்பத்தில் வந்த கடதாசியும் நின்றுபோயிற்று. அதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு தடவை மாத்தளை பஸ் நிலையத்தில் பொலிஸ்காரர்கள் அடையாள அட்டை கேட்டுப் பிடித்துப்போய் உட்கார வைத்தார்கள். இவரைத் தெரிந்தவர் யார் என்று கேட்டதற்கு, தோட்டத்தில் ஒரு பேரும் அவர் வாயில் வரவில்லை. கடைசியில் மிளகுத் தோட்டத்து முதலாளியின் பேரைச் சொல்ல, அந்த மனிதர் வந்துதான் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டாயிரத்து மூன்றில் சட்டம் வந்தது. பாஸ்போர்ட்டோடு இங்கேயே தங்கிப்போனவர்களும் இலங்கைப் பிரஜை ஆகலாம் என்றார்கள். மாத்தளையில் ஒரு மண்டபத்தில் லோயர்மார் மேசை போட்டு, சல்லிக்காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார்கள். மாடசாமியும் போய் வரிசையில் நின்றார். மஸீனா என்ற லோயர் பிள்ளை அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சத்தியக் கடதாசி எழுதலாம், ஆனால் எண்பத்துநாலுக்குப் பிறகும் இங்கேதான் இருந்தார் என்று சொல்ல, தோட்டத்தில் தெரிந்த ஒருவர் நேரில் வர வேண்டும் என்றாள்.

"ஒரு ஆளாவது இருப்பாங்கதானே ஐயா?"

அவர் பாஸ்போர்ட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். இருபது வருஷமாகப் போகிறேன் போகிறேன் என்று யாரிடம் சொன்னாரோ, அவர்களிடமே போய், நான் போகவில்லை என்று வந்து சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எந்த நாட்டுக்கும் ஆகாத ஆளாகவே அந்தக் கொட்டிலில் கண்ணை மூட வேண்டியதுதான்.

மறுநாள் பொன்னையாவின் வாசலில் போய் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் போகவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னார். பொன்னையா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

"அண்ணே, ஒனக்கு மாலை போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். இப்ப நான் போய் என்னான்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு."

"உள்ளது ஒனக்கே நல்லா இருக்காதே."

"இருக்காட்டிப் பரவாயில்ல. வா."

பொன்னையா வந்தான். மேசைக்கு முன்னால் நின்று உள்ளதைச் சொன்னான்.

"நாங்கதான் மிஸ் சோறு போட்டு அனுப்பிவச்சோம். ரெண்டு வாரத்துல திரும்பிட்டாரு. அன்னைலேருந்து இங்கதான். நான் தெனம் பாக்குறேன். பேசினதுதான் கொறவு."

மஸீனா எழுதினாள். பிறகு மாடசாமியைப் பார்த்து, இந்தியாவுக்குப் போக விருப்பமில்லை, இங்கேயே இருக்க விரும்புகிறேன் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றாள். பின்னால் வரிசையில் எல்கடுவ ஆட்களும் நின்றார்கள். மாடசாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"போகல. இங்கதான் இருக்கேன்."

கையெழுத்துப் போட்ட பிறகும் அவர் நகரவில்லை.

"மிஸ், மக அங்க இருக்கு. இனி அது என்னயப் பாக்க வரணும்னா விசா எடுக்கணுமா?"

"ஓம் ஐயா, எடுக்கத்தான் வேணும்."

"எடுக்கட்டும்" என்றார் மாடசாமி, வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "அப்பன் வேற நாட்டுக்காரன், சும்மா வந்து பாக்க ஏலாதுன்னு அங்க நாலு பேர்கிட்டச் சொல்லிக்கட்டும்."

தோட்டத்துக்கு வரும் கடதாசியை லயத்தில் பங்கிட்டுக் கொடுப்பது பொன்னையாதான். எத்தனை வருஷமாக மாடசாமி பேருக்கு ஒன்றும் வரவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்ததும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டான். மாடசாமி, தனக்கு வேலை இருக்கிறது என்றார். எல்கடுவ பஸ் ஒரு மணிநேரம் கழித்துத்தான். அவர் நிலையத்தின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பொன்னையா தேத்தண்ணிக் கடையில் தனியாகக் குடித்துவிட்டு, மாடசாமி முன் வாசலால் ஏறிய அதே பஸ்ஸில் பின் வாசலால் ஏறினான்.