சும்மா இருக்கும் முகம்

கோபம் வந்தால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்பார்கள். இவள் முகத்தில் அது கோபம் வராமலேயே வெடித்துக்கொண்டிருந்தது. இரண்டு புருவங்களும் நடுவில் முட்டிக்கொள்ளும். உதட்டின் ஓரங்கள் கீழே இறங்கியிருக்கும். அப்பாவை அப்படியே உரித்து வைத்த முகம். அப்பா ஆணாகப் பிறந்துவிட்டதால் அவரை ஊரே ‘கண்டிப்பான மனுஷன்’ என்றது. அதே முகத்துக்காக மகளுக்குக் கிடைத்த பெயர் சிடுமூஞ்சி. வைத்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன்தான்.

பள்ளிக்கூடத்தில் “என்ன முறைக்கிற?” என்று கேட்டு டீச்சர் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் ஆட்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் முதன்முதலாகச் சந்தித்தபோது, கணவராக வரப்போகிறவர் தயங்கித் தயங்கி, “என்னைப் பிடிக்கலையா?” என்று கேட்டார். “பிடிச்சிருக்கு” என்றாள். அவள் சொன்ன தோரணையில் அந்த மனிதர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

கல்யாணமான பிறகு தினமும் அதே பாட்டு.

“என்ன கோவம்?”

“கோவமெல்லாம் இல்ல. சும்மாதான் இருக்கேன்.”

“மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே.”

“மூஞ்சியே அப்படித்தான்.”

“நான் ஏதாச்சும் சொல்லிட்டேனா?”

இந்தக் கட்டத்துக்கு வரும்போது அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிடும். “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல, கோவம்தான்னு” என்பார் அவர். ஒருத்தியை வெறுப்பேற்ற இதைவிட நல்ல வழி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் ஒருநாள் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் ஓங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “இனிமே கோவமான்னு என்னைக் கேக்காதீங்க. கோவம் வந்தா நானே சொல்றேன்.” அன்றோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார். நல்ல மனிதர், சொன்னால் கேட்டுக்கொள்வார்.

அவள் வேலை பார்த்தது ஒரு கல்லூரியின் உளவியல் துறையில். அங்கே ஆராய்ச்சிக்கூடம் என்று சொல்லப்பட்டது உண்மையில் ஒரு நீளமான அறை. அதைத் தடுப்பு வைத்துக் கூண்டு கூண்டாகப் பிரித்திருந்தார்கள். அதற்கு முன்னால் சின்னதாக ஒரு வரவேற்பறை. ஒரு மேசை, சுவரோரமாகச் சில நாற்காலிகள், தண்ணீர் கேன். அந்த மேசைதான் அவளுடைய ராஜ்ஜியம். ஆராய்ச்சிக்கு ஆளாக வருகிறவர்களை உட்கார வைப்பது, விஷயத்தைச் சொல்வது, முறை வந்ததும் உள்ளே அனுப்புவது அவள் பொறுப்பு.

வருகிறவர்களில் பாதிப் பேர் தலையில் ஒயரை மாட்டிவிடுவார்களோ என்று பயந்துகொண்டுதான் வருவார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் கூடும், அதை மறைப்பானேன். ஆனால் அவள் தண்ணீரை நீட்டி, “உள்ள ஒண்ணுமில்ல. போட்டோ காட்டுவாங்க, மனசுல பட்டதைச் சொல்லணும். பிடிக்கலைன்னா நடுவுலயே எழுந்து வந்துடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று நிதானமாகச் சொல்லும்போது தோள்கள் தளர்ந்துவிடும். உள்ளே போய்விட்டு வெளியே வருகிறவர்கள் அவளிடம் வழி கேட்பார்கள், வீட்டு விஷயம் பேசுவார்கள். காலேஜில் மகன் சேர்ந்திருக்கும் வகுப்பு உருப்படுமா என்று கேட்ட அம்மாக்கள்கூட உண்டு. வீட்டில் அவளுக்கென்று தனியாக ஒரு நாற்காலி கிடையாது. இங்கே இருந்தது. அதில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அவளுக்குத் தன் முகம் நினைவுக்கு வருவதில்லை.

பேராசிரியருடைய ஆராய்ச்சியே முகம்தான். அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தைப் பார்த்த கணத்தில் நாம் ‘இவன் நல்லவன், இவள் திமிர் பிடித்தவள்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம், அதில் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம் என்பது அவருடைய வாதம். பக்கத்து வகுப்பறையில் அவர் கணீரென்று பாடம் நடத்துவது சுவரைத் தாண்டி அவள் மேசைக்கு வரும். “முகத்தை வெச்சு ஆளை எடை போடாதீங்க!” என்று அவர் முழங்கும்போதெல்லாம் இவள் தனக்காகவே ஒருவர் வழக்காடுவது போலக் கேட்டுக்கொண்டிருப்பாள். சார் மேல் அவளுக்குத் தனி மரியாதை வந்ததே அதனால்தான்.

அந்த வருஷம் புதிதாக ஒரு ஆய்வு தொடங்கினார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்துச் சற்று நேரம் பேச விடுவது. பிறகு இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அந்த ஆளை எவ்வளவு பிடித்தது என்று கேட்பது. யாருக்கும் யாரையும் பிடிக்கவில்லை. இப்படி ஆகும் என்று பேராசிரியர் எதிர்பார்க்கவில்லை. ஆய்வைக் கவனித்துக்கொண்டிருந்த மாணவி மண்டையைக் குடைந்துகொண்டு எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாள்: விளக்கை, நாற்காலியை, சுவரின் நிறத்தைக்கூட. ஒன்றும் நடக்கவில்லை.

இடையில் இவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்த நாட்களில் முன்மேசையில் உட்கார்ந்தது வாசல் காவலர். எந்நேரமும் பல்லெல்லாம் தெரியச் சிரித்த முகம். இவள் திரும்பி வந்து பார்த்தபோது ஆராய்ச்சிக்கூடமே குதூகலமாக இருந்தது. காவலர் உட்கார்ந்த நாட்களில் வந்தவர்களுக்கு ஒருவரையொருவர் ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது.

பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். மேசை மேலிருந்த பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல.”

இப்படி ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்று யாருக்குத்தான் தெரியாது?

“உள்ள போறதுக்கு முன்னாடி அவங்க பாக்குற முதல் முகம் உங்க முகம். அதுல அவங்க மனசு கொஞ்சம் சுருங்கிடுது. அந்த மனசோட போய் எதிர்ல இருக்கிறவங்களைப் பாக்குறாங்க.”

“முகத்தை வெச்சு எடை போடக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்வீங்க?”

“கண்டிப்பா. அது ஆராய்ச்சியோட முடிவு. இது ஆராய்ச்சி நடத்துற முறை. ரெண்டும் வேற வேற இல்லையா?”

படித்தவர்கள் ஒரு விஷயத்தை இரண்டாகப் பிளந்துவிட்டால் நம்மால் ஒட்டவைக்க முடியாது.

“கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்து பாருங்களேன்” என்று பக்கத்தில் நின்ற மாணவி பரிந்துகொண்டு வந்தாள். “ரெண்டு நாள் பாப்போம் அக்கா.”

அன்று சாயங்காலம் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தாள். உதட்டோரத்தை மேலே தூக்கினால் புருவம் இன்னும் இறுகியது. புருவத்தைத் தளர்த்தினால் கண் பிதுங்கியது. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள், “என்னம்மா, பல்லு வலியா?” என்று கேட்டாள்.

“போய்ப் படி” என்றாள் இவள்.

மறுநாள் முதலில் வந்தவர் ஒரு தையற்காரர். அவரைப் பார்த்து, பயிற்சி செய்த சிரிப்பைச் சிரித்தாள். அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தார். “என்னங்க, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனா?” என்று கேட்டார். அடுத்து வந்த பெண் தண்ணீரைக்கூட வாங்கவில்லை. போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே போனவள் போனவள்தான். சாயங்காலத்துக்குள் இவள் கன்னமெல்லாம் வலித்தது. சும்மா இருந்தால் சிடுமூஞ்சி, சிரித்தால் அதற்கும் மேலே. இனி என்னதான் செய்வது என்று அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. அழுதால் அந்த முகம் எப்படி இருக்கும் என்று வேறு யாராவது ஆராய்வார்கள்.

இரண்டு நாள் பார்ப்போம் என்றவர்கள் ஒரே நாளில் பார்த்து முடித்துவிட்டார்கள். காவலர் முன்மேசைக்கு வந்தார். இவளைப் பின்னால் சாமான் அறைக்கு அனுப்பினார்கள். உடைந்த நாற்காலிகளும் பழைய கம்ப்யூட்டர்களும் கிடந்த அறை. காதில் மாட்டும் ஹெட்போன்களைத் துடைத்து ஒயர் சிக்கலை எடுத்து வைக்க வேண்டும். சம்பளத்தில் மாற்றமில்லை, வேலையும் குறைவு, அதிர்ஷ்டம்தான் போ என்றாள் அண்ணி. கேட்டதும் இவள் போனை வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் காவலர் சாமான் அறை வாசலில் வந்து நின்றார், பல்லெல்லாம் தெரிய.

“எனக்கு இது பிடிக்கலம்மா” என்றார்.

“பாத்தா அப்படித் தெரியலையே அண்ணே. சந்தோஷமால்ல இருக்கீங்க.”

“இந்த வாய் மூடாதும்மா. என் பொண்டாட்டியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. அவ கூடப் பிறந்தவங்க இன்னிக்கு வரைக்கும் என் வீட்டுப் படி ஏறல.”

அவர் சொல்லிவிட்டு அப்படியே நின்றார், அதே சிரிப்போடு. அவளுக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. அதனால் மிச்சமிருந்த எரிச்சல் முழுவதும் நேராக ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தது. அந்த இடத்தில் இத்தனை வருஷம் வராத கோபம், நிஜமான கோபம், கைவிரல் நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே பேராசிரியர் அறைக்குப் போனாள். ‘எனக்குக் கோவமா இருக்கு சார். என் இடத்தை எனக்குத் திருப்பிக் குடுங்க.’ அவ்வளவுதான் வாக்கியம்.

அவள் வாய் திறப்பதற்குள் அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துபோனது.

“வாங்க, வாங்க. நானே கூப்பிடணும்னு இருந்தேன். இதை நீங்க இவ்வளவு பெருந்தன்மையா எடுத்துக்கிட்டது பெரிய விஷயம். வேற யாராவதா இருந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு அலைவாங்க.”

“நான் கோவமாத்தான் சார் இருக்கேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார்.

“அடடா! நீங்க தமாஷெல்லாம் பண்ணுவீங்கன்னு தெரியாமப் போச்சே!”

ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்த மனுஷன். என்ன பிரயோஜனம்? அதற்குள் அவருக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வழக்கம் போலக் கணீரென்று குரல் கேட்டது. இவள் சாமான் அறைக்குத் திரும்பிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஒழுகும் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். “வந்துட்டியா? டீ பிளாஸ்க்ல இருக்கு” என்றார். குழாய்க்குள் இருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் வந்து நின்றாள். அவர் வாஷரைப் பற்றியே பேசினார். அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறார்? கேட்காதே என்று அவரைப் பழக்கியதே அவள்தானே.

“ஏங்க.”

“என்னம்மா?”

“என்னைக் கேளுங்க.”

“என்னத்தக் கேக்கணும்?”

“கோவமான்னு கேளுங்க.”

அவருக்குப் பழைய கரண்டி ஞாபகம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். “அதான் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டியே. கோவம் வந்தா நீயே சொல்றேன்னியே.”

“இன்னிக்குக் கேளுங்க.”

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“கோவமா?”

“ஆமா.”

அவர் கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, அவள் புருவத்தைப் பார்த்தார். உதட்டோரத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷன், தேடு தேடென்று தேடினார்.

“எப்பவும் போலத்தானே இருக்க?” என்றார் பாவமாக. “மூஞ்சியில ஒண்ணும் தெரியலையே.”

“அதுக்குத்தாங்க கோவம்” என்றாள்.