அத்திப்பள்ளியில் பார்த்த அரைப் படம்

தமிழ்நாட்டில் பெரிய படம் வந்தால் காலை ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி. கர்நாடகத்தில் விடிந்ததும் போட்டுவிடுவார்கள். ஓசூரிலிருந்து எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அதனால் படம் வருகிற அன்று நைட் ஷிஃப்ட் விட்டதும் நாங்கள் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கம்பெனிச் சட்டையோடு வண்டியை எடுத்துக்கொண்டு நேராக எல்லைக்கு. சென்னைக்காரனுக்கு முன்னால் நாங்கள் பார்த்துவிடுவோம். எங்களைப் போன்றவர்களுக்கு முதல் ஆளாக இருக்கக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வண்டிக்கு பிரேக் செய்கிற கம்பெனியில் வேலை. எதற்கெடுத்தாலும் பயம் எனக்கு. அடுப்பு கேஸை மூடினேனா, வண்டியைப் பூட்டினேனா, சூப்பர்வைசர் ஏன் இன்று சிரிக்கவில்லை என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். சினிமாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது நிற்கும். அதனால்தான் நான் பேசுவதைப் போனில் பிடித்து நெட்டில் விமர்சனமாகப் போட ஆரம்பித்தேன்.

அந்த இயக்குநரின் முதல் படம் எனக்கு உயிர். பழுதாகி நின்ற லாரியில் ஒரு அப்பாவும் மகளும், அவ்வளவுதான் கதை. தூக்கம் வராதபோதெல்லாம் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன். அவரே சூப்பர் ஹீரோ படம் எடுக்கிறார் என்றதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. கல் குவாரியில் வேலை செய்கிறவனுக்குத் திடீரென்று மலையைப் பெயர்க்கிற பலம் வந்துவிடுகிற கதை.

அந்த வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட், மேலே ஓ.டி. வேறு. அத்திப்பள்ளித் தியேட்டரில் ஏ.சி. காற்று பட்டதும் கண் சொக்கியது. இடையில் கொஞ்சம் அசந்தேன். கொஞ்சம்தான் என்று நினைத்தேன். விழித்துப் பார்த்தால் கடைசிச் சண்டை. மலையையே தூக்கியவன் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்குகிறான். ஏன் என்று புரியவில்லை. எனக்குப் பிடித்த மனிதர் என்னை ஏமாற்றிவிட்டது போல ஒரு கோபம் வந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் நின்றே பேசினேன். "பலம் எங்கடா போச்சு? கதை எழுதறப்போ டைரக்டர் தூங்கிட்டாரா? இந்தாளு படம் எடுக்கறத வுட்டுட்டு மாடு மேய்க்கப் போலாம்."

கூட வந்த நண்பன், கர்நாடகத்து ஆனேக்கல் பக்கத்துக்காரன், தோளில் தட்டினான். "சூப்பர் குரு! போடு, இப்பவே போடு. இன்னும் மெட்ராஸ்ல ஒருத்தனும் பாக்கல."

போட்டேன். நான் தூங்கி எழுந்து பார்க்கையில் வீடியோ ஊரெல்லாம் ஓடியிருந்தது. வேறு யாரும் பேசியிராத நேரம், அதனால் நான் சொன்னதே படத்தைப் பற்றிய முதல் பேச்சாகிவிட்டது. "டைரக்டர் தூங்கிட்டாரா" என்பதை வெட்டி வெட்டி எல்லோரும் போட்டார்கள். இரண்டாவது வாரம் ஓசூரிலேயே படத்தைத் தூக்கிவிட்டார்கள். கேன்டீனில் என்னைக் கைகாட்டிச் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பல மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டி.வி.யில் அந்தப் படம். என் மனைவி பீன்ஸ் கிள்ளிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கடைசிச் சண்டை வந்தது.

"பாரேன், கடைசியில சும்மா நின்னு அடி வாங்குவான்," என்றேன்.

"பின்ன என்ன பண்ணுவான் மாமா? அவன் பலத்தக் காட்னா பாப்பாவுக்குக் காது போயிடுமே."

"எந்தப் பாப்பா?"

"அவன் பொண்ணு மாமா. ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சங் கொஞ்சமா கேக்காம போவுதே. இம்மாந்நேரம் அதத்தான் காட்னாங்க." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ தியேட்டர்லயே பாத்தவன்தானே?"

அவள் பீன்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து நான் தூங்கிய இடத்தைப் பார்த்தேன். அப்பா கூப்பிடுகிறான், மகள் திரும்பவில்லை. லாரிப் படம் எடுத்த அதே மனிதர்தான். நான்தான் இல்லை அங்கே.

அன்றிலிருந்து அவர் என்ன செய்கிறார் என்று தேடினேன். ஒரு பேட்டியில் தாடியோடு உட்கார்ந்திருந்தார். "படம் புடிக்கலன்னு சொல்லலாங்க, தப்பில்ல. ஆனா கதை சொல்லப் போற ஆபீஸ்ல எல்லாம் எனக்கே அந்த வீடியோவப் போட்டுக் காட்றாங்க. கதையக் கேக்கறதே இல்ல," என்றார். எந்த வீடியோ என்று அவர் சொல்லவில்லை.

தூங்கிவிட்டுப் பேசினேன், தப்பு என்னுடையது, படத்தை முழுசாகப் பாருங்கள் என்று புதிதாக ஒன்று பேசிப் போட்டேன். முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு நெட்டில் பெரிய சினிமாப் பக்கம் ஒன்று என் பழைய பேச்சையும் புதுப் பேச்சையும் அருகருகே வைத்துப் போட்டது. "பேமென்ட் வந்துடுச்சா தலைவா?" என்று கேட்டார்கள். அதோடு நிற்கவில்லை. வாய்ப்பு இல்லாத இயக்குநர் ஆள் வைத்து மன்னிப்புக் கேட்க வைக்கிறார் என்று ஆரம்பித்தார்கள். மறந்து போயிருந்தவர்களும் மறுபடி அவரைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

"எடுத்துடு மாமா," என்றாள் மனைவி. இரண்டையும் எடுத்தேன். மாட்டிக்கொண்டதும் அழித்துவிட்டான் என்றார்கள். என்னிடம் இருந்ததுதான் அழிந்தது, அவர்களிடம் இருப்பது அப்படியே இருக்கிறது.

கடைசியில் அவருக்கே எழுதினேன். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து நீளமாக, நைட் ஷிஃப்ட், அத்திப்பள்ளி, லாரிப் படம் எல்லாவற்றையும் எழுதினேன். எங்கே வேண்டுமானாலும் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது.

"பரவால்லங்க. இனிமே இதப் பத்தி தயவுசெஞ்சு எங்கயும் எதுவும் சொல்லாதீங்க. இப்பத்தான் ஒரு எடத்துல புதுப் படத்துக்குப் பேசிட்டிருந்தேன், அதுவும் போயிடுச்சு."

அதனால்தான் இதில் அவர் பெயரும் இல்லை, படத்தின் பெயரும் இல்லை. இதை எழுதுவதும் அவருக்குக் கெடுதலாகுமோ என்று பயமாக இருக்கிறது. அன்று பதிலுக்கு 'சரிங்க சார்' என்று அடித்தேன். அதைப் பார்த்தால்கூட அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றியது. அனுப்பாமல் அழித்துவிட்டு, பஸ் நின்றதும் வேலைக்கு இறங்கினேன்.