மொட்டை போட்ட பிறகு வந்த கணக்குப் பரீட்சை

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பேத்துப்பாறையில் எங்களுக்கு இருக்கிற கொஞ்ச நிலத்தில் பூண்டும் பீன்ஸும் போட்டுப் பிழைப்பு ஓடுகிறது. எங்களுக்கு ஒரே மகள். கொடைக்கானல் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்வந்தாள்.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம், ஜூன் மாதத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். இனிமேல் செமஸ்டர் முறை என்றார் தலைமையாசிரியை. முதல் பாதி வருஷம் கணக்கும் அறிவியலும், அடுத்த பாதியில் தமிழ், இங்கிலீஷ், சமூக அறிவியல். ஒரே நேரத்தில் ஐந்து பாடம் சுமக்க வேண்டாம், பிள்ளைகளுக்குப் பாரம் குறையும் என்று சொன்னார். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியவன் நான். பூண்டு எடுத்த நிலத்தில் மறுபடியும் பூண்டு போடமாட்டோம், பீன்ஸ் போடுவோம். மண்ணுக்கு அது நல்லது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

என் மகளுக்குக் கணக்கு என்றால் சின்ன வயசிலிருந்தே பயம். ஒன்பதாவதில் தட்டுத்தடுமாறித்தான் தேறினாள். அதனால் ஆடிக் கிருத்திகை அன்று பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டேன்: “அப்பனே, இந்தக் கணக்குல மட்டும் என் பிள்ளையப் பாஸ் பண்ணிவிடு. மலை எறங்கி நடந்தே வந்து முடி எறக்குறேன்.”

கணக்கைத் தவிர வேறு தொந்தரவு அதிகம் இல்லாததால் அவளும் தினமும் அதிலேயே கிடந்தாள். அக்டோபர் கடைசியில் செமஸ்டர் பரீட்சை நடந்தது. அறுபத்திரண்டு மார்க். வீட்டில் நம்ப முடியவில்லை. “பிளஸ் ஒன்ல கணக்கு குரூப்தான்மா எடுக்கப்போறேன்” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தச் சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. கார்த்திகையில் மலை இறங்கி நடந்து போய் மொட்டை போட்டுவிட்டு வந்தேன்.

ஊரில் ஒரே கிண்டல். பக்கத்துத் தோட்டக்காரன், “என்ன மாமா, படிச்சது புள்ள, தலை போனது ஒங்களுக்கா?” என்றான்.

“ஒம் மகன் பாசானா ஒன் தலையும் போகும்ல, வெரசா போகட்டும்” என்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஜனவரி கடைசியில் கணக்கு டீச்சர் போன் செய்து, நேரில் வரச்சொன்னார். ஐந்து பாடத்துக்கும் திருப்புதல் தேர்வு வைத்திருந்தார்கள். மற்ற நாலிலும் நல்ல மார்க். கணக்கில் பத்தொன்பது.

“அது எப்படிங்க டீச்சர்? கணக்குதான் அக்டோபர்லயே முடிஞ்சிருச்சே. பாசும் ஆயிட்டாளே.”

“அது ஸ்கூல் பரீட்சைங்க. பப்ளிக்ல அஞ்சு பாடமும் சேர்ந்துதான் வரும். அறிவியல் ஒரு தடவ திருப்பிப் படிச்சா வந்துரும். கணக்கு தினமும் போட்டாத்தான் கையில நிக்கும். மூணு மாசமா தொடவே இல்ல. கிளாஸ்ல பாதிப் புள்ளைங்களுக்கு இதே கதைதான்.”

மீதிப் பாதி என்ன செய்தது என்று கேட்டேன். டவுன் பிள்ளைகள், சாயங்காலம் டியூஷன் போகிறார்கள் என்றார். எங்கள் ஊர் பஸ்ஸைப் பிடிக்க என் மகள் மணி அடித்ததும் ஓடவேண்டும்.

அன்று அவளோடு பஸ்ஸில் திரும்பினேன். பாதி வழியில் கேட்டேன்.

“ஏந்தாயி, மார்ச்சுலயும் கணக்கு இருக்குன்னு ஒனக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியும்ப்பா.”

“பெறகு ஏன் சொல்லல?”

“நீங்க மொட்டை போட்டுக் காலு வீங்கி வந்து நின்னீங்க. அன்னிக்கு எப்படிப்பா சொல்ல? பெறகு சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் எனக்கே மறந்தமாதிரி ஆயிருச்சு.”

முருகன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாஸ் கேட்டேன், பாஸ் கொடுத்தான். படித்தது மனசில் நிற்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிலத்தைப் பிள்ளையோடு சேர்த்துப் பார்த்ததும் என் புத்திதான். பீன்ஸ் போட்டதால் மண் பூண்டை மறந்துபோகாது.

இன்னொரு முறை வேண்டிக்கொள்ளலாமா என்று மனைவியிடம் கேட்டேன். “வேண்டுனா மட்டும் போதுமா? எறக்க முடி வேணும்ல” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பிப்ரவரியில் கணக்கு டீச்சரே தாமாக முன்வந்து, முதல் மணிக்கு ஒரு மணி நேரம் முன்னால் பாடம் எடுத்தார். அதற்குப் பஸ் கிடையாது. காய் ஏற்றிப்போகும் ஜீப்தான் உண்டு. வெள்ளனே எழுந்து, இரண்டு பேரும் கேரட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போவோம். சூத்திரங்கள் எழுதிய தாளை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். எனக்கு அர்த்தம் புரியாது. எழுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பேன். சில நாள் பாதியில் நின்றுவிடுவாள். “அக்டோபர்ல இது எனக்குத் தண்ணிபட்ட பாடுப்பா” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். தெரியாததைப் படிக்கும்போது அவள் அழுது நான் பார்த்ததில்லை. தெரிந்தது தொலைந்துபோனதற்குத்தான் அழுதாள்.

பொதுத்தேர்வில் கணக்கில் ஐம்பத்தொன்று வந்தது. பாஸ். வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

பிளஸ் ஒன் விண்ணப்பம் வாங்கப் போனோம். பிளஸ் ஒன்னிலும் செமஸ்டர் முறைதான் என்றார்கள். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினாள். கணக்கு இல்லாத குரூப்பில் டிக் அடித்திருந்தது.

“ஏம்மா, ஐம்பத்தொன்னுக்குக் கணக்கு குரூப் தரமாட்டாங்களா?”

“தருவாங்கப்பா. டீச்சர்கூட எடுக்கத்தான் சொன்னாங்க.”

“கஷ்டமா இருக்குமா?”

“கணக்கு கஷ்டமில்ல. விட்டுட்டு விட்டுட்டு முதல்ல இருந்து தொடங்குறது இருக்குல்ல, அதுக்கு எனக்குத் தெம்பு இல்லப்பா.”

பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். வருஷம் முழுக்க ஒரே ஓட்டமாகப் படித்திருந்தால் அவள் வேறு கட்டத்தில் டிக் போட்டிருப்பாளோ என்று தோன்றியது. அது யாருக்குத் தெரியும்?

“நாளைக்குக் கொடுக்கலாமா? சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“வேணாம்ப்பா. கேட்டா நீங்க நடக்க ஆரம்பிச்சிருவீங்க” என்று சிரித்தாள். “நான் நல்லா யோசிச்சுட்டேன். போடுங்க.”

அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டேன்.