மஞ்சள் தெளித்த மீன்பல்லி

அது மீன் இல்லை. அந்த ஒரே நாளில் இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன். சென்னையில் பட்டம் வாங்கிவந்த ஆசிரியையிடமும் சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை. பார்த்தால் மீன் மாதிரிதானே இருக்கிறது, பிறகென்ன என்றார்கள்.

பார்த்தால் மீன் மாதிரி இருப்பதுதான் அதன் சங்கதியே. இக்தியோசாரஸ் என்பது அந்தப் பேரினத்தின் பெயர். எனக்குள் நான் அதை மீன்பல்லி என்று சொல்லிக்கொள்வேன். மனிதர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடலில் வாழ்ந்து, அடியோடு மறைந்துபோன ஊர்வன. நீரில் வாழ்ந்தாலும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். முட்டையிடாமல் குட்டி போட்டது. வயிற்றுக்குள் குட்டியின் எலும்போடு கல்லாகிப்போன உடல்கள் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் கடலோரப் பாறைகளில் அதன் எலும்புகள் முதலில் வெளிப்பட்டபோது முதலை என்றார்கள், மீன் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அவற்றைத் தேடி வெட்டியெடுத்தவர்களில் ஒரு தச்சரின் மகளும் உண்டு. பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காதவள். எலும்புக்குப் பெயர் வைத்த கனவான்களின் கூட்டத்தில் அவளுக்கு நாற்காலி போடவில்லை. அந்த வரியைப் படித்த அன்று நான் சோறு சாப்பிடாமல் படுத்தேன்.

படித்தது ஒரு கிழிந்த புத்தகத்தில். அப்பா முனிசிபல் குப்பை லாரியில் வேலை செய்தார். மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திர நாள், நெருங்க நெருங்க, சொந்த நாட்டுக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் வீடுகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வேண்டாதவை வாசலுக்கு வரும். மலாக்காவின் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் கால் உடைந்த மேசை ஒன்று வந்தது, பூப்போட்ட பீங்கான் தட்டுகள் வந்தன, அந்தப் புத்தகமும் வந்தது. “படம் நெறைய இருக்கு, உனக்கு ஆவும்” என்று அப்பா கொடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். இதைப் பணிவோடு சொல்ல எனக்கு வராது.

பண்டார் ஹிலிரில் நான் படித்த பெண்கள் பள்ளியில் தையல் கூடம் இருந்தது, சமையல் கூடம் இருந்தது, அறிவியல் கூடம் இல்லை. இயற்பியல், வேதியியல் படிக்க வேண்டுமானால் ஆண்கள் பள்ளிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். அதற்குத் தலைமையாசிரியை பரிந்துரைக்க வேண்டும். அந்த ஆண்டு ஒரே ஓர் இடம். மெர்டேக்காவுக்குப் பின் எங்கள் பள்ளியில் பெரிய கண்காட்சி நடக்கப்போகிறது, அதன் அறிவியல் மேசையில் நன்றாகச் செய்தவளுக்கு அந்த இடம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எனக்கு அது வேண்டும். வேறு யாருக்கும் அது கிடைக்கக்கூடாது என்றுகூட நினைத்தேன்.

மற்ற பெண்கள் பூவையும் இலையையும் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மீன்பல்லியைச் செய்தேன். கோழிக்கூட்டுக் கம்பிவலையை வளைத்து உடம்பு. அதன்மேல், பழைய தாளை ஊறவைத்து மரவள்ளி மாவுப் பசையில் பிசைந்து பூசினேன். கண்ணைச் சுற்றி எலும்புத் தகடுகளால் ஆன வளையம் ஒன்று அதற்கு உண்டு. அதைத் தேங்காய்ச் சிரட்டையை நறுக்கிச் செய்தேன். துடுப்பில் விரல் எலும்புகளுக்குப் புளியங்கொட்டை.

அந்தத் துடுப்புதான் முக்கியம். தொடக்கத்தில் அந்தப் பேரினத்துக்குள் கண்டதையெல்லாம் போட்டு அடைத்துவிட்டார்கள். நீண்ட மூக்கு, பெரிய கண், மீன் வடிவம் இருந்தால் போதும், இக்தியோசாரஸ். பிறகு வந்தவர்கள் எலும்பைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்து வேறு பேரினங்களுக்கு அனுப்பினார்கள். பிரிக்கக் கைகொடுத்தது துடுப்பு. சிலவற்றுக்கு அது குறுகல். இக்தியோசாரஸுக்கோ அகலம், உள்ளே விரல் வரிசைகள் நம் கையில் இருப்பதைவிட அதிகமாகக்கூட இருக்கும். நான் புளியங்கொட்டைகளைப் படத்தைப் பார்த்து வரிசை பிசகாமல் பதித்தேன்.

வாலுக்கும் ஒரு கதை உண்டு. கிடைத்த உடல்களில் முதுகெலும்பு வால்பக்கம் கீழ்நோக்கி மடிந்திருந்தது. மண்ணில் புதைந்தபின் ஒடிந்திருக்கும் என்று நினைத்து, ஆரம்பத்தில் வரைந்தவர்கள் வாலை நேராக்கிவிட்டார்கள். பிறகு ஜெர்மனியில், தோலின் உருவம் கல்லில் கறுப்பாகப் படிந்திருந்த உடல்கள் கிடைத்தன. அப்போதுதான் அது ஒடிந்த எலும்பல்ல, வால்துடுப்பின் கீழ்ப்பாதியைத் தாங்கும் எலும்பு என்று தெரிந்தது. பெரிய மனிதர்கள்தாம் தப்பாக வரைந்தார்கள். நான் சரியாக மடித்தேன்.

கண்காட்சிக்கு முந்தின மாலை அதன்மேல் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்தேன். விடிந்து வந்து பார்த்தால் முதுகெல்லாம் இரத்தம் தெறித்த மாதிரி சிவப்பு.

“என்னம்மா செஞ்ச!”

“ஒண்ணும் செய்யல. வெளிய போற சாமான். மஞ்ச தண்ணி தெளிச்சேன், நெத்தியில ஒரு பொட்டு வெச்சேன். அவ்ளோதான்.”

“சுண்ணாம்பு அடிச்சிருக்கேன், தெரியாதா? எப்படிச் செவந்து கெடக்கு பாரு!”

“மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா ஆலாத்தி தண்ணி மாதிரி செவக்கத்தான் செய்யும். நல்லதுதானே? கண்ணு படாது.”

“இது என்ன கல்யாண வீடா? எல்லாத்தையும் கெடுத்துட்ட!”

“கத்தாதடி, பக்கத்து வீட்டுல பாக்குறாங்க.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எங்கள் அடுத்த வீட்டில் இருந்தவர் மலாக்காச் செட்டி சமூகத்து அம்மாள். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இக்கான் அப்பா நி? பெசார் செக்காலி!” என்றார். என்ன மீன் இது, இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று.

“புக்கான் இக்கான், மக்சிக்!” மீன் இல்லை, அத்தை என்று நான் கத்தினேன். மீன் இல்லாவிட்டால் அதற்கு ஏன் மீன் மூஞ்சி என்று அவர் கேட்டார்.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாதுதான். ஆயுத பூசையன்று அப்பாவின் மண்வெட்டிக்கும் என் புத்தகங்களுக்கும் மஞ்சள் தெளித்தவள். பரீட்சைக்குக் கொண்டுபோகும் பேனாவுக்குக்கூடப் பொட்டு வைப்பாள். ஆனால் அன்று காலை எனக்கு அந்த நியாயம் வேண்டியிருக்கவில்லை. திரும்பச் சுண்ணாம்பு அடித்தால் காய நேரமில்லை. அப்பாவின் சைக்கிள் கேரியரில் பலகை கட்டி, மீன்பல்லியை அதன்மேல் கிடத்தி, கைலியால் மூடிக்கொண்டு அப்பாவும் நானும் போனோம்.

மண்டப வாசலில் பொருள்களை வாங்கி வைத்தது அந்தச் சென்னை ஆசிரியை. அழகான கையெழுத்தில் பேரினம், வரிசை, எலும்பு கிடைத்த இடங்கள் எல்லாம் நான் எழுதியிருந்த அட்டையையும் கொடுத்தேன். “வெச்சிட்டுப் போம்மா, நாங்க பாத்துக்கறோம்” என்றார்.

பார்த்துக்கொண்ட அழகைப் பிற்பகல் மண்டபம் திறந்தபோது கண்டேன். அறிவியல் மேசையில் என் மீன்பல்லி இல்லை. மண்டபத்தின் மறுகோடியில் மலாய் மேசை, சீன மேசை, இந்திய மேசை என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். இனி நாம் எல்லோரும் ஒன்று என்று வாசலில் துணி கட்டியிருந்தது. உள்ளே போனால் ஆளுக்கொரு மேசை. இந்திய மேசையில் ஒரு குத்துவிளக்குக்கும் இரண்டு பட்டுச் சேலைகளுக்கும் நடுவில், கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு என் மீன்பல்லி. முன்னால் ஓர் அட்டை: மச்சாவதாரம், இந்தியக் கைவினை. எடுத்துத் திருப்பினேன். அது என் அட்டைதான். பின்பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

அம்மா எனக்கு முன்பே வந்து அங்கே நின்றிருந்தாள். “எம் பொண்ணு செஞ்சது, சாமிக்குப் பக்கத்துல வெச்சிருக்காங்க” என்று யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நேராக ஆசிரியையிடம் போனேன்.

“டீச்சர், அது சயன்ஸ் மேசைக்கு உள்ளது.”

“சயன்ஸா?” அவர் சிரித்தார். “மஞ்சளும் குங்குமமுமா? நம்ம சாமியை நாமளே சயன்ஸ்னு சொன்னா நல்லாவா இருக்கு?”

“சாமி இல்ல டீச்சர். ஊர்வன. அட்டையில எழுதியிருக்கேன்.”

“பாத்தேன். யார் எழுதிக் குடுத்தா?”

“எழுதிக் குடுக்க எங்க வீட்டுல யாருக்கும் எழுத்து தெரியாது டீச்சர். நான்தான் எழுதினேன்.”

“கோவப்படாதே. நம்ம மேசை காலியா கெடந்தது. மலாய் மேசையைப் பாரு, எப்படி நெறைஞ்சிருக்கு! வர்றவங்க என்ன நெனைப்பாங்க? நீ நம்ம மானத்தைக் காப்பாத்தியிருக்கே. பரிசுகூடக் கெடைக்கும்.”

“எனக்கு அந்தப் பரிசு வேணாம். ஆம்பளைங்க ஸ்கூல்ல அந்த எடம் வேணும்.”

அம்மா பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “நான் தெளிச்ச தண்ணியாலயா இப்படி?” என்றாள். “ஆமா” என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெதுவாகச் சொல்லவும் வரவில்லை.

அம்மா மேசைக்குத் திரும்பிப் போனாள். பூச்சாடித் தண்ணீரில் முந்தானையை நனைத்து மீன்பல்லியின் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள். சிவப்பு போகவில்லை. தாள்தான் திரித்திரியாக உரிந்தது. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள், சில பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் கோபம் அம்மாவை விட்டு விலகி வேறு பக்கம் திரும்பியது. குறையவில்லை.

“விடும்மா. தேய்க்காத. வாலைப் பிடி.”

“எங்கடி?”

“பிடிம்மா.”

நான் தலைப்பக்கம், அம்மா வால்பக்கம். மல்லிகைச் சரம் ஆட ஆட, மண்டபத்தின் குறுக்கே தூக்கிக்கொண்டு போனோம். “ஏய், நில்லு, என்ன பண்றே!” என்று ஆசிரியை பின்னால் ஓடிவந்தார். அறிவியல் மேசையில் யாருடைய இலைகளையோ ஒதுக்கிவிட்டு இறக்கி வைத்தோம். நிமிர்ந்தால் எதிரே தலைமையாசிரியை. ஆங்கிலேயப் பெண்மணி. குரலை உயர்த்தாமலேயே எங்களை நடுங்க வைப்பவர்.

“இது என்ன மீன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“மீன் இல்லை, மேடம். இக்தியோசாரஸ். ஊர்வன.”

“மீன் இல்லை என்று எப்படிச் சொல்கிறாய்?”

துடுப்பைக் காட்டினேன். மீனுக்கு இப்படி விரல் எலும்புகள் கிடையாது என்றேன். செவுள் இல்லை, கண்ணுக்கு முன்னால் மூக்குத் துளை இருக்கிறது என்றேன். வாலை ஏன் மடித்தேன் என்று சொன்னேன். அவர் புளியங்கொட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

“சரி. ஏன் சிவப்பு? ஏன் பூமாலை?”

மாலை நான் போட்டதல்ல என்று ஆசிரியையைப் பார்த்துச் சொன்னேன். சிவப்புக்கு என்ன சொல்வது? அம்மாவுக்குப் படிப்பில்லை, தெரியாமல் செய்துவிட்டார் என்று சொன்னால் முடிந்துவிடும். எல்லோரும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தார்கள். காத்திருந்த அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் சிவக்கும், மேடம். காரத்தைச் சோதிக்க ஆய்வுக்கூடங்களில் மஞ்சள் தாள் வைத்திருப்பார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில், மதிக்கிற பொருளுக்கு மஞ்சள் தெளிப்போம். என் அம்மா தெளித்தார்.”

“அருங்காட்சியகத்தில் இப்படிச் செய்வதில்லையே?”

“அங்கே எலும்பின் மேலேயே மையால் எண் எழுதுகிறார்கள், மேடம். படத்தில் பார்த்தேன். அதற்காக எலும்பை மைக்கூடு என்று யாரும் சொல்வதில்லை.”

சொன்ன பிறகுதான் அதிகமாகப் பேசிவிட்டேன் என்று புரிந்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை. என் அம்மாவைப் பார்த்தார். உரிந்த தாளும் சிவப்பும் ஒட்டியிருந்த முந்தானையோடு அம்மா கும்பிட்டாள். “இது இங்கேயே இருக்கட்டும்” என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு அவர் அடுத்த பொருளுக்குப் போனார்.

இடம் எனக்குத்தான் கிடைத்தது. என்னை அறைக்கு அழைத்துச் சொல்லும்போது, “அங்கே போய் இப்படிப் பேசாதே. பையன்கள் படிக்கும் இடம், அடக்கமாக இரு” என்றார். அந்தப் பையன்களிடம் யாராவது அடக்கமாக இருக்கச் சொன்னார்களா என்று கேட்க நாக்கு துடித்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். சென்னை ஆசிரியை அதன்பின் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நம் மேசையை நான் கைவிட்டுவிட்டதாக மற்றவர்களிடம் சொன்னாராம். சொல்லட்டும். அது என் மேசை இல்லை.

ஆண்கள் பள்ளிக்குப் போகும் முதல் நாள் காலை, அம்மா குங்குமச் சிமிழோடு வாசலில் நின்றாள். வழக்கமாக நான் திமிறத் திமிற வைப்பவள், அன்று மூடியைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “வைக்கவா? அங்கல்லாம் வேணாம்னா வேணாம்” என்றாள்.

என் அம்மா என்னிடம் அனுமதி கேட்டாள். அந்த நாள்களில் நடந்த எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிக் கேட்கும்படி அவளை ஆக்கியது யார்? அந்த ஆசிரியையா, சிரித்த பெண்களா, அன்று காலை கத்திய நானா?

நெற்றியை நீட்டினேன். “வைம்மா. பெருசா வை.”

“வைக்கிறேன்டி. அதுக்கு ஏன் இப்படி மொறைக்கிற?” என்றாள் அம்மா.